டீக்கன் சவ்வாத்தியின் பல்லாண்டு

கமென்னிக் கோயிலில் தெற்குப் பக்கத்து மூன்றாவது ஜன்னலுக்குக் கண்ணாடி நிற்காது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது விரிசல் விட்டுவிடும். அதற்காக வோல்கா ஆற்றுக் காற்றை யாரும் குறை சொன்னதில்லை. "டீக்கனய்யாவுக்கு இந்தத் தடவை தொண்டை நல்லாருக்கு போல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு புதுக் கண்ணாடி வாங்கிவர ஆள் அனுப்புவார்கள்.

பூசை வைப்பது மெர்க்கூரி சாமி. அவருக்குக் குரல் மெலிசு, முதல் வரிசைக்கே பாதிதான் கேட்கும். அவருக்குப் பக்கத்தில் நின்று வேண்டுதல்களை உரக்கச் சொல்வது டீக்கனின் வேலை. அந்த வேலைக்கென்றே செய்து வைத்த மாதிரி இருப்பார் சவ்வாத்தி எல்பிதின். ஆள் நல்ல உயரம், அகலம், நெஞ்சு வரைக்கும் தாடி. வேண்டுதல்களிலேயே பெரியது ஜாருக்கான பல்லாண்டு. அதை அவர் நிலவறைக்குள்ளிருந்து ஆரம்பிப்பது போல அடிக்குரலில் ஆரம்பிப்பார். "மிகுந்த பக்தியுள்ளவரும், தாமே ஆள்பவரும், மாபெரும் எங்கள் அரசருமான" என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு படி ஏறுவார். "பேரரசர் நிக்கொலாய் அலெக்ஸாந்திரோவிச்" என்கிற இடத்தில் உச்சிக்குப் போய், மூச்சு விடாமல் அங்கேயே நிற்பார். மெழுகுவர்த்திச் சுடர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். பிறகு பாடகர் குழு பதில் பாடும்.

நிக்கொலாய் பட்டத்துக்கு வந்த அதே குளிர்காலத்தில்தான் சவ்வாத்தியும் டீக்கன் ஆனார். ஆகவே அந்த இடத்தில் வேறு பெயர் எதையும் அவர் வாய் சொன்னதே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பெயர்.

பாடகர் குழுவை நடத்தியவர் நிகாந்தர் லூக்கிச். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆறு பிள்ளைகள். கோட்டுப் பையில் எப்போதும் சுருதி பிடிக்கத் தட்டுகிற ஒரு சுருதிக்கவை வைத்திருப்பார். வியாழக்கிழமை சாயங்காலங்களில் டீக்கன் வீட்டுக்கு வந்து தேநீர் சமோவார் ஆறும்வரை பலகையில் காய் ஆடுவார், தோற்றுப்போவார், ஊறுகாய்க் காளானைத் தின்றுவிட்டுப் போவார்.

"யோவ் டீக்கனே, நீ உச்சியில நிக்கிற நேரத்துல என் பாட்டுக்காரங்க ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடறாங்கய்யா" என்பார்.

"தூங்கட்டும். ஜாருக்குப் பல்லாண்டு பாடும்போது அவசரம் என்ன வேண்டியிருக்கு?"

ரொமானோவ் வம்சம் பட்டத்துக்கு வந்து முந்நூறு வருஷம் ஆனதை 1913-ஆம் வருஷம் மே மாதம் நாடே கொண்டாடியது. ஜார் தம் குடும்பத்தோடு வோல்காவில் கப்பலில் வந்தார். கமென்னிக்கில் கப்பல் நிற்காது, கடந்துதான் போகும் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் படகுத்துறை ஏஜெண்டு ஸூபவ் பச்சைத் தழை கட்டி ஒரு பெரிய வளைவு வைத்தார். அவரே ஏணியில் ஏறி ஜார் படத்தை மாட்டி, கோணலாக இருக்கிறதென்று மூன்று தரம் கழற்றி மாட்டினார். ஜனங்கள் ஐஸ் உருகிய தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றார்கள். கப்பல் கண்ணில் பட்டதும் சவ்வாத்தி கரையிலிருந்து பல்லாண்டைத் தொடங்கினார். கப்பல் நேரே வந்தபோது பெயரின் உச்சியில் நின்றார். மேல்தளத்தில் தொப்பி போட்ட, உயரம் குறைந்த ஒருவர் கம்பியருகே வந்து கையை உயர்த்தினார். அவ்வளவுதான். கப்பல் போய்விட்டது.

"கேட்டாரு" என்றார் சவ்வாத்தி மனைவியிடம், வீட்டுக்கு வந்து ஈரக் காலணியைக் கழற்றிக்கொண்டே. "கபித்தோலீனா, அந்த மனுஷன் கேட்டாரு."

"கேட்டிருப்பாரு, கேட்டிருப்பாரு. காலைத் துடைங்க முதல்ல. ஜன்னி வந்தா ஜாரா வந்து கஷாயம் வைக்கப் போறாரு?"

அடுத்த வருஷம் ஜெர்மனியோடு சண்டை வந்தது. ஆகஸ்ட் மாதம் கமென்னிக்கிலிருந்து பதினொரு பையன்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். போகுமுன் கோயிலில் சிலுவைக்கும் வேதப் புத்தகத்துக்கும் முன்னால் ஆணை செய்ய வேண்டும். மெர்க்கூரி சாமிக்குக் குரல் எழும்பவில்லை என்று ஆணை வாசகத்தைச் சவ்வாத்திதான் வரி வரியாகச் சொன்னார். உயிரைப் பெரிதென்று எண்ணாமல், கடைசித் துளி இரத்தம் வரை ஜாருக்கு உழைப்பேன் என்கிற ஆணை. பதினொரு பேரும் வலது கையை உயர்த்தித் திரும்பச் சொன்னார்கள். இடது ஓரத்தில் நின்ற உயரமானவன் தீஹன், டீக்கனின் ஒரே மகன். அவனுக்கும் அப்பாவின் தொண்டைதான். மற்றவர்களுடைய குரலை அவன் குரல் மூடிவிட்டது.

அடுத்த கோடைக்குள் தீஹன் சண்டையில் செத்துப்போனான். கலீசியாப் போர்முனையில் எங்கேயோ. கடிதம் எழுதிய அதிகாரி இடத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார், வரைபடத்தில் தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஃபெவ்ரோனியாவின் மகன் ப்ரோஹரும் போனான். மூன்றாம் வருஷக் குளிர்காலம் முடிவதற்குள் பதினொன்றில் ஏழு போயிற்று.

அப்போதும் சவ்வாத்தி ஜாரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவருக்கு நல்ல மனசு. சுத்தி இருக்கிறவங்கதான் சரியில்ல" என்பார்.

கபித்தோலீனா முட்டைக்கோசை நறுக்குவதை நிறுத்தமாட்டாள். "இருபது வருஷமா சுத்தி இருக்கிறவங்களை மாத்த ஒரு மனுஷனுக்கு நேரமே கிடைக்கலையா, தீஹனப்பா?" என்பாள். பிள்ளை போன பிறகும் அவரை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஆனாலும் அவளுடைய பெயர்ப் புத்தகத்தில் முதல் வரி ஜாருடையதுதான். உள்ளங்கை அகலத்தில் அப்படி ஒரு புத்தகம் அங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. முன்பாதி உயிரோடிருப்பவர்களுக்கு, பின்பாதி இறந்தவர்களுக்கு. வேண்டும்போது வரிசையாகப் படிப்பார்கள். யாராவது போய்விட்டால் பெயரை முன்பாதியில் அடித்துவிட்டுப் பின்பாதியில் எழுதுவார்கள். கபித்தோலீனா முன்பாதியில் நிக்கொலாய், அலெக்ஸாந்த்ரா, அவர்களுடைய பிள்ளைகள் ஓல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாஸியா, அலெக்ஸீ என்று எழுதி, அதற்குக் கீழேதான் தன் சொந்தக்காரர்களை எழுதியிருந்தாள். தீஹன் பெயர் இப்போது பின்பாதியில் இருந்தது.

மார்ச் மாதம், தவக்காலத்தின் நடுவில், ஜார் பதவியை விட்டுவிட்ட அறிக்கை வந்தது. மெர்க்கூரி சாமி அதைக் கோயிலில் படித்தார். அந்த மெல்லிய குரலை அன்றைக்குக் கடைசி வரிசைக்காரனும் கேட்டான்; யாரும் மூச்சுகூட விடவில்லை. ஜார் பட்டத்தைத் தம் தம்பியிடம் கொடுத்தார். தம்பி வேண்டாம் என்றுவிட்டார். முந்நூறு வருஷத்து வம்சம் இரண்டு காகிதத்தில் முடிந்தது.

ஃபெவ்ரோனியா வாய்விட்டு அழுதாள். சவ்வாத்தி அழவில்லை. வீட்டுக்கு வந்தார், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டுப் போனாரு?"

கபித்தோலீனா அவர் மேலங்கிப் பொத்தானைக் கழற்றப் போனாள். அவர் அவள் கையை விலக்கினார்.

"தீஹன் பயந்துபோய்த் துப்பாக்கியைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? சுவத்தோட நிக்க வச்சுச் சுட்டிருப்பாங்க. ஏன்னா ஆணை. ஆணையை நான்தான் சொல்லிக் குடுத்தேன், என் வாயால. இப்ப ஆணை வாங்கின ஆளே போட்டுட்டுப் போயிட்டாரு. அவரை யாரு சுவத்தோட நிக்க வைக்கறது?"

"ஐயோ, நாக்கைக் கடிங்க."

அவர் சாமிப் படங்களுக்குப் பின்னால் கைவிட்டுப் பெயர்ப் புத்தகத்தை எடுத்து, மைக்கூட்டைத் திறந்தார். அவள் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கிற ஆள் பேரை அடிக்கக் கூடாது. பாவம்."

"எனக்கு அந்த ஆள் செத்தாச்சு."

"உங்களுக்குச் செத்தா போதாது. கடவுளுக்குச் சாகணும்" என்று புத்தகத்தை மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் திருச்சபை மேலிடத்து உத்தரவு வந்தது. இனி ஜார் பெயர் சொல்லும் இடத்தில் 'தற்காலிக அரசாங்கம்' என்று சொல்ல வேண்டும். கூடவே ஊருக்கு ஒரு கமிட்டியும் வந்தது. தலைவர், படகுத்துறை ஏஜெண்டு ஸூபவ். கோட்டில் சிவப்பு நாடா. நிகாந்தர் புது வாசகத்தை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார்.

"தற்காலிகத்துக்குப் பல்லாண்டு எப்படிய்யா பாடறது?" என்றார் சவ்வாத்தி. "பல்லாண்டு இருந்தா அது தற்காலிகமா?"

"பாடிட்டுப் போய்யா. வீடு கோயிலோடது, நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"பாடறேன். ஜாரே போனப்புறம் எனக்கென்ன?" சொன்னதை அவர் நிஜமாகவே சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லாமலிருக்க அந்த ஊரிலேயே அவருக்கிருந்த அளவு காரணம் வேறு யாருக்கும் இல்லை. அட்டையைப் பார்த்து ஏழு தரம் பாடிக் காட்டினார். ஒரு தப்புகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில். சவ்வாத்தி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்குரலில் ஆரம்பித்தார். அடிக்குரலில் ஆரம்பித்ததுதான் தப்பாகப் போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுரம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். அவர் கண் அட்டையில் இருந்தது, மனது மகனிடத்தில் இருந்தது, தொண்டை தன் வழியில் படியேறியது. "பேரரசர் நிக்கொலாய் அலெக்ஸாந்திரோவிச்" என்று உச்சியில் போய் நின்றபோதுதான் காதில் விழுந்தது. நிறுத்த முடியவில்லை, மூச்சு தீரும்வரை அது நின்றது.

நிகாந்தரின் கை தன் பாட்டுக்கு உயர்ந்தது. பாடகர் குழு முழுக்க, ஒரு குரல் பிசகாமல், "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்று பதில் பாடியது.

அப்புறம் மெழுகு சொட்டும் சத்தம்தான். ஃபெவ்ரோனியா தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள். பின்னாலிருந்து யாரோ, "பாத்தியா, பழைய பேயை எழுப்பிட்டான்" என்றான்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணை. கபித்தோலீனா காலையிலிருந்தே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுல பயப்பட என்ன இருக்கு? நிகாந்தர் எந்திரிச்சுச் சொல்லட்டும். எங்க ஆளுங்களும்தான் பழக்கத்துல பதில் பாடிட்டாங்கன்னு. உங்களுக்கு ஒருத்தருக்கு வாய் தவறினா சதி. எட்டுப் பேருக்கும் தவறினா பழக்கம். அவ்வளவுதானே?"

"சொல்லுவான்" என்றார் சவ்வாத்தி. "காய்தான் ஏமாத்தி ஆடுவான், மத்தபடி நல்லவன்."

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அவரை உட்காரச் சொன்னார்கள். முழங்கால் மேசையில் இடித்தது. ஸூபவ் வாத்தியார் நாற்காலியில் இருந்தார்.

"குடிமகன் எல்பிதின், வேணும்னே சொன்னீங்களா, வாய் தவறியா?"

"வாய் தவறி."

"சாட்சி?"

"நிகாந்தர் லூக்கிச்சைக் கேளுங்க. பாடகருங்களும் அதே பழக்கத்துலதான் பதில் சொன்னாங்க."

நிகாந்தர் எழுந்தார். பையிலிருந்து சுருதிக்கவையை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பப் போட்டார்.

"பாடகர் குழு பதில் சொல்லல" என்றார். "நாங்க வாயே திறக்கல. டீக்கன்... அந்தப் பேரைச் சொல்லப் போறதா ஒத்திகையிலேயே ஒரு மாதிரிதான் பேசினாரு. தற்காலிகத்துக்குப் பல்லாண்டு எப்படின்னு கேட்டாரு."

"பொய்!" என்று கபித்தோலீனா பின்னாலிருந்து கத்தினாள். "எங்க வீட்டுக் காளானைத் தின்ன வாயா இது!"

பாடகர்கள் ஏழு பேரும் அங்கேதான் இருந்தார்கள். சவ்வாத்தி ஒவ்வொருவராகப் பார்த்தார். தையல் வாத்தியாரம்மா கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அடித்தொண்டைக்காரக் கொல்லன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கேட்டு வாங்குகிற சாட்சி இனி எதற்கு என்று தோன்றியதோ என்னவோ, அவர் கூப்பிடவில்லை.

ஸூபவுக்கும் விஷயத்தை வளர்க்க ஆசையில்லை போலிருந்தது. ஒரு காகிதத்தைத் தள்ளினார். "இதுல கையெழுத்துப் போடுங்க. பிழைதான்னு எழுதிக்கறோம். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும்."

சவ்வாத்தி படித்தார். பிழைக்கு மன்னிப்பு. அதற்குக் கீழே: இரத்தவெறி பிடித்த கொடுங்கோலன் நிக்கொலாயை நான் மனமாரச் சபிக்கிறேன்.

பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார்.

"இதை மாத்தி எழுதுங்க."

"என்னன்னு?"

"என்னை ஏமாத்தினவன்னு எழுதுங்க. என் மகனோட ஆணையை வாங்கிட்டு விட்டுட்டுப் போனவன்னு எழுதுங்க. ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடறேன். இரத்தவெறின்னா... அது எனக்குத் தெரியாதே. தெரியாததை எப்படிச் சபிக்கறது? கப்பல்ல வந்தாரு. கையை அசைச்சாரு. அவ்வளவுதான் நான் பாத்தது. நீங்களும்தானே பாத்தீங்க? வளைவு வச்சது நீங்கதானே? கோணலா இருக்குன்னு படத்தை மூணு தரம் கழட்டி மாட்டினீங்களே?"

அறையே கொல்லென்று சிரித்தது. கமிட்டிக்காரர்களில் இருவர்கூடச் சிரித்துவிட்டார்கள். ஸூபவின் கழுத்து மெதுவாகச் சிவந்து காது வரைக்கும் போயிற்று. அந்தச் சிரிப்பு வராமலிருந்தால் ஒருவேளை வாசகத்தை மாற்றி எழுதியிருப்பார்கள். கபித்தோலீனா சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மேலிடமும் தன் பங்குக்கு, விசாரணை முடியும்வரை சவ்வாத்தி பூசையில் நிற்கக் கூடாது என்று எழுதியது. விசாரணை தொடங்கவே இல்லை. "கொஞ்ச நாள் பொறுத்துக்கோப்பா" என்றார் மெர்க்கூரி சாமி. வாசல்வரைகூட வரவில்லை.

வோல்காவில் வந்து சேரும் மேஷா ஆற்றில் ஒரு கயிற்றோடம் உண்டு. அதை இழுக்க ஆள் வேண்டியிருந்தது. டீக்கனும் மனைவியும் ஓடக்காரன் குடிசைக்குப் போனார்கள். அக்கரையிலிருந்து யாராவது "ஓடம்!" என்று கூவினால் சவ்வாத்தி "வர்றேன்!" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அக்கரைக் குதிரைகள் மிரளும். இருபத்திரண்டு வருஷத்துக் குரலில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.

நிகாந்தர் சந்தைக்குப் போக அந்த ஓடத்தில்தான் ஏற வேண்டும். முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். ஒருநாள் நடு ஆற்றில் தாங்க முடியாமல் சொன்னார்:

"சவ்வாத்தி, எனக்கு ஆறு பிள்ளைங்கய்யா."

"தெரியும். ஆறு பேர் ஞானஸ்நானத்துக்கும் பாடினவன் நான்தான்."

"என்னைத் திட்டவாவது செய்யேன்."

"குதிரையைப் பிடிச்சுக்க. கரை வருது."

இலையுதிர் காலத்தில் தற்காலிக அரசாங்கமும் போயிற்று. ஸூபவ் போனார், வேறு ஸூபவ்கள் வந்தார்கள். அடுத்த ஜூலையில் ஒரு பகல் வேளை, முடி வெட்டிய இளம் சிப்பாய் ஒருவன் ஓடத்தில் நின்று செய்தித்தாளை உரக்கப் படித்தான். உரால் மலைப் பக்கத்தில் நிக்கொலாய் ரொமானோவைச் சுட்டுவிட்டார்கள். மனைவியும் மகனும் பத்திரமான இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

"அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்று தாளை மடித்தான். "என்ன தாத்தா, இழுக்காம நிக்கிறே?"

சவ்வாத்திக்குத் தாம் கயிற்றை விட்டது அப்போதுதான் தெரிந்தது. ஓடம் நீரோட்டத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. திரும்பப் பிடித்து இழுத்தார்.

குடிசைக்கு வந்தபோது கபித்தோலீனாவுக்கு முன்பே சேதி தெரிந்திருந்தது. மேசைமேல் பெயர்ப் புத்தகமும் மைக்கூடும் இருந்தன. பக்கத்தில் ஃபெவ்ரோனியா தலைத்துணியின் முனையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சாமி மாட்டேன்னுட்டாருங்க டீக்கனய்யா, பயப்படுறாரு" என்றாள். "ஆத்துமாவுக்கு யாராவது வேண்டணுமில்ல?"

"அந்த ஆளுக்கா? உன் ப்ரோஹர் எங்க கிடக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு எங்க கிடக்காருன்னும்தான் யாருக்கும் தெரியாது."

சவ்வாத்தி அவளெதிரே உட்கார்ந்தார். பிறகு புத்தகத்தை இழுத்து, முதல் பக்கத்து முதல் வரியில் கோடு போட்டார். போன வருஷம் ஆத்திரத்தோடு போட நினைத்த அதே கோடு. இப்போது மை கொஞ்சம் அதிகமாக ஊறிப் பரவியது.

"பிள்ளைங்க பேரு?" என்றாள் கபித்தோலீனா மெதுவாக.

"பத்திரமா இருக்காங்கன்னு போட்டிருக்கான். அம்மாவும் பையனும்."

"பொண்ணுங்களைப் பத்தி?"

"ஒண்ணும் போடல."

"பொண்ணுங்க அம்மாகூடத்தான் இருக்கும். விடுங்க, அப்படியே இருக்கட்டும்."

இறந்தவர்கள் பாதியைத் திருப்பினார். நிக்கொலாயை அங்கேயும் முதலில் எழுதுவார் என்று கபித்தோலீனா மேலே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்திருந்தாள். அவர் அவள் விரலை நகர்த்திவிட்டு, அந்த ஏழு பையன்களுக்கும் கீழே எழுதினார்.

ஆற்றங்கரையில் மூவரும் நின்றார்கள். இறந்தவனுக்கு வேண்டும்போது பட்டம் சொல்வதில்லை. வெறும் ஞானஸ்நானப் பெயர்தான். "தீஹன்" என்று ஆரம்பித்தார். "ப்ரோஹர்." மற்ற ஐந்து பெயர்கள். அப்புறம் நின்றார். ஃபெவ்ரோனியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் தாடை அசைந்தது. அந்த இடத்துக்குத் தொண்டை பழையபடி ஏறப் பார்த்தது தெரிந்தது. அவர் அதை ஏறவிடவில்லை.

"நிக்கொலாய்" என்றார், பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி. மற்றவர்களைச் சொன்ன அதே குரலில்.

அதற்கப்புறம் முன்பாதியைப் புரட்டினார். அங்கே குரல் தானாகப் பெரிசாயிற்று. அலெக்ஸாந்த்ரா, ஓல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாஸியா, அலெக்ஸீ. இவர்களுக்கு நல்ல சுகமும் நீண்ட ஆயுளும் தாரும் என்று வேண்டினார். செய்தித்தாளை நம்பித்தான் வேண்டினார். மெலிந்துபோன மனுஷருடைய அந்தக் குரல் அக்கரைவரை போய்த் திரும்பியது. அக்கரையில் வண்டியோடு காத்திருந்தவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "சீக்கிரம் வாய்யா ஓடக்காரா!" என்று கூவினான்.

"வர்றேன்!" என்றார் சவ்வாத்தி.

அவர் இறந்தது இன்னும் ஆறு வருஷம் கழித்து, நிமோனியாவில். அதுவரை ஒவ்வொரு நாளும் காலையில் முதல் ஓடத்துக்கு முன்னால், நிக்கொலாயோடு அதே இரவில் அவர்களும் சுடப்பட்டது தெரியாமல், அந்தத் தாயையும் ஐந்து பிள்ளைகளையும் உயிரோடிருப்பவர்கள் பக்கத்தில்தான் படித்தார்.